ஓடாத எண்ணூறு மீட்டர்

அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்துவிட்டது. அடுத்ததற்குள் ஓட்டப்பந்தய வீராங்கனை அருள்மேரிக்கு வயதாகிவிடும். ஆனாலும், போகாத வீரர்கள் ஓடியிருந்தால் எப்படி ஓடியிருப்பார்களோ, அப்படியே போட்டியைக் கணினியில் உருவாக்கித் தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

நாகர்கோவில் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து அவளும் பார்த்தாள். எண்ணூறு மீட்டரில் திரையிலிருந்த அருள்மேரி எல்லோரையும் முந்தி, தங்கம் வென்று, கொடியைப் போர்த்திக்கொண்டு அழுதாள். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பக்கத்து வீட்டார் லட்டு கொண்டுவந்து வாயில் ஊட்டிவிட்டுப் போனார்கள்.

அப்பா தைலப் புட்டியோடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"காலை நீட்டு மக்களே. வலிக்கும்லா."

"நான் ஓடலியேப்பா."

"தெரியும் மக்களே. நீட்டு."

அவள் நீட்டினாள். குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவர் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.