கடைசிப் பாகம் ஓடிய மாலை

டிவிக்கு எதிர்ச் சுவரில் குடியிருந்த பல்லிக்கு ‘மின்னல் படை’ கார்ட்டூன் என்றால் உயிர். படை வீரர்கள் அரக்கனோடு மோதும் கடைசிப் பாகம் ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு விட்டில் வந்து உட்கார்ந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த பல்லி வாயைத் திறந்தது.

“இது முடிஞ்சதும் சாப்பிட்டுக்கோயேன். நானும் முதல்லேருந்து பார்க்கிறேன்,” என்றது விட்டில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது நியாயமாகப் பட்டதால் பல்லி வாயை மூடிக்கொண்டது. படைத்தலைவி அரக்கனோடு சேர்ந்து எரிமலைக்குள் விழுந்தாள். கடைசிப் பாகம் என்று சொல்லியிருந்தும், அத்தோடு ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள்.

“செத்துட்டாளா?” என்றது பல்லி, கலங்கிப்போய்.

“சேச்சே, அவ கவசம் நெருப்பைத் தாங்கும். முன்னாடியே சொன்னாங்களே.”

“அன்னிக்கு நான் தூங்கிட்டேன் போலிருக்கு. உட்கார்ந்து முழுசா சொல்லு,” என்று பல்லி நகர்ந்து இடம் விட்டது.

அன்று அதன் சாப்பாடு இரண்டு கொசுக்களோடு முடிந்தது.