வாலில் இருந்த ஈயம்

கிளம்பிய வேகத்தில் விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு தடாலென்று சரிந்து புல்லில் வந்து விழுந்தது.

மைதானத்தில் இருந்தவர்கள் 'உச்' கொட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் ரிமோட்டைப் பிடித்தபடி திகைத்து நின்றார். மாதிரி விமானப் போட்டியில் மூன்று வருஷமாகக் கோப்பையை விட்டுக்கொடுக்காத விமானம். இந்த வருஷப் போட்டிக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.

ஓடிப்போய் எடுத்தார். நல்லவேளை, உடையவில்லை. இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். நேராக நிற்க வேண்டிய விமானம் வால் பக்கம் தொங்கியது.

"நேத்துக் காலையில பார்த்தேனே, தராசு மாதிரி நின்னுச்சே!"

பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ தள்ளினார். அப்போதும் வால் தொங்கியது.

பக்கத்தில் நின்ற கடிகாரக்காரர் குனிந்து பார்த்தார். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர். இருபது வருஷச் சிநேகிதர். மூன்று வருஷமும் இரண்டாம் பரிசு அவருக்குத்தான்.

"மூக்குல கொஞ்சம் எடை வெச்சுப் பறக்க விடுப்பா. சரியாயிடும்."

"திடீர்னு வால் ஏன் கனமாச்சுன்னு தெரிய வேண்டாமா? பிரிச்சுப் பார்த்துடறேன்."

"பிரிக்காத. நேரம் இல்ல. சொன்னாக் கேளு."

மருந்துக்கடைக்காரர் கேட்கவில்லை. வால் பக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கீறினார்.

உள்ளே, டேப் போட்டு ஒட்டிய இரண்டு ஈயத் துண்டுகள்.

"அடப்பாவி! யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க!" என்றார் எட்டிப் பார்த்த நடுவர்.

மருந்துக்கடைக்காரர் மெல்லத் திரும்பிக் கடிகாரக்காரரைப் பார்த்தார். நேற்று மதியம் அவர் கடையில் இருந்த நேரத்தில், பசை வாங்கிப் போக வீட்டுக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான்.

"நேத்து நீதானே வீட்டுக்கு வந்த? அதான் பிரிக்காதன்னு பதறினியா?"

கடிகாரக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"சொல்லுடா! நீ இல்லேன்னா வேற யாரு? பேரைச் சொல்லு!"

கடிகாரக்காரர் ஈயத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"நான்தான் வெச்சேன்."

இந்த வருஷம் மட்டும் விலக்கிவைத்தால் போதும் என்றார் நடுவர். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. கத்தினார். கடைசியில் ஆயுள் முழுக்கத் தடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கடிகாரக்காரர் தன் விமானத்தைப் பெட்டியில் வைத்து மூடினார். போகும்போது கிட்டே வந்தார்.

"போட்டி முடிஞ்சதும் இங்க நிக்காத. நேரா வீட்டுக்குப் போ."

"எனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை உனக்கு இருக்கா? போடா!"

ஈயத்தை எடுத்ததும் விமானம் பழையபடி பறந்தது. நாலாவது தடவையாகக் கோப்பை. கைகுலுக்கல், போட்டோ, சாப்பாடு. வீடு வந்து சேர மணி ஆறாகிவிட்டது.

மனைவி வெளியே கிளம்பத் தயாரானவள் போல, மடியில் பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியா அநியாயத்தை!" செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினார். "கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான். இனிமே ஆயுசுக்கும் அவன் மைதானத்துல கால் வைக்க முடியாது. வெச்சேன் ஆப்பு!"

அவள் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"கடிகாரக்கார அண்ணாவா? அவரே ஒத்துக்கிட்டாரா?"

"அத்தனை பேர் முன்னாடி!"

"ஐயோ! அதை வெச்சது நான்தாங்க."

அவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"மார்ல இருந்த கட்டிக்கு டெஸ்ட் எடுத்தாங்களே, இன்னிக்கு நாலு மணிக்கு ரிசல்ட். தனியா வராதீங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். மூணு தடவை கேட்டேன். சின்னக் கட்டிதானே, போட்டி முடியட்டும்னு சொல்லிட்டீங்க. அது பறக்கலேன்னா சீக்கிரம் வந்துடுவீங்கன்னு நினைச்சேன்."

மருந்துக்கடைக்காரருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "உறையைப் பிரிச்சு ஒட்ட... உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினஞ்சு வருஷமா நீங்க அந்த உறையை இஸ்திரிப் பெட்டியால சூடு காட்டி ஒட்டுறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஊர்ல யாருக்கு என்ன வியாதின்னு உங்களுக்கு அத்துப்படி. என்னைத்தான் நீங்க பார்க்கல."

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவன்... அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் ஒட்டிக்கிட்டு இருக்கறப்பதான் அண்ணா பசை கேட்டு உள்ள வந்தார். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். காட்டிக்கொடுத்துடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"'கவலைப்படாதம்மா, உன் பேரு வெளியில வராது'ன்னு சொன்னார். அதுக்குத் தன் பேரைக் கெடுத்துக்குவார்னு நான் கண்டேனா?"