முட்டுப் பிரிக்கும் நாள்

திண்டுக்கல் புறவழிச்சாலையோரம் பாதி எழுந்த கல்யாண மண்டபத்துக்குள் காலை வெயில், கான்கிரீட் கூரையைத் தாங்கும் முட்டுக்கம்புகளின் நிழலை நீட்டிப் போட்டிருக்கிறது. கட்டுமான மேலாண்மையில் முதுகலை படித்தபடி இங்கே பயிற்சிக்கு வரும் ஹுஸ்னா உள்ளே ஓடி வருகிறாள். கூரைக்கு முட்டுப் பிரிக்கும் தேதியைக் குறித்துக் கொடுத்தவள் அவள்தான். மழையால் கான்கிரீட் போடுவது தள்ளிப்போனது. தேதியை மாற்ற மறந்துவிட்டாள். கொத்தனார் பொம்மையன் நடுக்கம்பை உருவிவிட்டார். மேலே பலகை முனகுகிறது; பொடி உதிர்கிறது.

"அண்ணே, நிறுத்துங்க!"

"நீதான தாயி இன்னைக்குன்னு சொன்ன?"

"தப்புண்ணே. கூரை இன்னும் இறுகல."

அவர் ஆப்பும் சுத்தியலும் எடுக்க ஓடுகிறார். கிடந்த கம்பை அவளே தூக்கி நிறுத்திப் பிடிக்கிறாள். அவர் அதன் அடியில் ஆப்பு வைத்து அடிக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் அவள் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். முனகல் அடங்குகிறது.

"விடு தாயி, இனி நின்னுக்கிரும்."

அவள் விரல்கள் பிரிய மாட்டேன் என்கின்றன.