சரண்யாதேவி நினைவு விழா

"ஒரு பாட்டில் ரத்தம்தான கேக்கேன்? மில்லையா எழுதித் தரச் சொன்னேன்?"

விழாப் பந்தலுக்குப் பின்னால், ஒலிபெருக்கிச் சத்தத்தின் மறைவில், சண்முகத்தாய் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரைஸ்மில் தங்கப்பாண்டி கையை உதறவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

"மெதுவாப் பேசுளா."

"காலையில பொம்பளப்பிள்ளை பொறந்திருக்கு. பெத்தவளுக்கு ரத்தம் நிக்கலையாம். இருந்த பாட்டிலை எல்லாம் ஏத்திட்டாவளாம். ஓ நெகட்டிவ் லேசுல கெடைக்குமா? உங்களுக்கும் அதுதான? கார்ல போனா தூத்துக்குடி என்ன தூரம்?"

"கட்டுனவன் எங்க போனான்?"

"மனுவேல் திரேஸ்புரம் பூரா ஆள் தேடி அலையுதான். அந்த குரூப் ஒருத்தனுக்கும் இல்லையாம்."

"அந்தப் பேரை என் காதுல போடாத. மீன்புடிக்கிற போட்டுக்காரன் வீட்டுக்கு என் ரத்தம் போவாது."

"அப்ப நானாவது போய் அவ பக்கத்துல இருக்கேன். கார் சாவியை டிரைவர்ட்ட குடுங்க."

"விழா முடியட்டும்" என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்தபடி அவர் நடந்தார். அடுத்த பஸ் மதியத்துக்கு மேல்தான். சண்முகத்தாய் வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனாள்.

பள்ளிக்கூட மைதானம் நிரம்பியிருந்தது. 'சரண்யாதேவி நினைவு அறக்கட்டளை நடத்தும் பெண் குழந்தைகள் மேம்பாடு மற்றும் கிராம நல விழா' என்று வாசலில் பெரிய பேனர். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குக் கொடுக்க சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் தையல் மெஷின்கள், ஒரு பக்கம் கண் பரிசோதனை, வகுப்பறையில் ரத்ததான முகாம். மேடை நடுவே சரண்யாதேவி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலாவது வருடமாக நடக்கிறது. தருமம் என்று வந்துவிட்டால் அந்த வட்டாரத்தில் தங்கப்பாண்டியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முகாமில் இருந்த நர்ஸ் ஜெபசுதா ஊருக்குப் புதிது. நாசரேத்துக்காரி.

"வாங்க அண்ணாச்சி! வருஷா வருஷம் முதல் ஆளா நீங்கதான் குடுப்பீங்கன்னு சொன்னாங்க. கட்டில் ரெடியா இருக்கு."

சண்முகத்தாய் முந்திக்கொண்டாள். "ஏம்மா, இவங்க இங்கன குடுத்தா தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா? அங்க ஒரு பிள்ளை உசிருக்குப் போராடிட்டுக் கெடக்கா."

"அனுப்பிரலாமேம்மா! போன் பண்ணிச் சொல்லிட்டா வண்டி உடனே கெளம்பிரும்."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்த தங்கப்பாண்டி அதை மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டார். "இந்த வருஷம் வேண்டாம் சிஸ்டர். சளிக்கு மாத்திரை சாப்பிடுதேன்."

சளியும் இல்லை, மாத்திரையும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த பஞ்சாயத்து மெம்பர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். யாருக்காக இவள் கெஞ்சுகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கேட்கத்தான் ஒருத்தருக்கும் வாய் இல்லை.

அவர் வெளியே போனதும் ஜெபசுதா அவள் தோளைத் தொட்டாள். "மகளைப் பறிகுடுத்துட்டும் ஊர்ப்பிள்ளைகளுக்காகத் துடிக்கீங்க பாருங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு."

சண்முகத்தாய் வெளியே வந்தாள். முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கும்பிடாத சாமி இல்லை. யார் தலைமையில் யார் பேசினார்கள் என்று எதுவும் காதில் ஏறவில்லை.

கடைசியாகத் தங்கப்பாண்டி மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு இருந்தது ஒரே மக. அவ இல்லைன்னு ஆன பொறவு, இங்க உக்காந்திருக்கிற ஒவ்வொரு பொண்ணும் எனக்கு மகதான். ஒரு பொண்ணு கஷ்டப்படுதான்னா இந்தத் தங்கப்பாண்டி கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு இருக்க மாட்டான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சைக்கிள் வாங்கிய பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அப்போது சண்முகத்தாயின் மடியில் போன் அதிர்ந்தது. மனுவேல். காதில் வைத்துக் கேட்டாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்கத் தயங்கினார்கள்.

"அடுத்ததாக, மறைந்த செல்வி சரண்யாதேவியின் திருவுருவப் படத்துக்கு மாலை அணிவிக்கும் நிகழ்ச்சி" என்றார் தொகுப்பாளர்.

வழக்கமாகத் தங்கப்பாண்டிதான் அணிவிப்பார். முதல் வருடம் மாலையைக் கையில் கொடுத்தபோது சண்முகத்தாய் அதைத் தட்டோடு தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பெற்ற மனசு தாங்காது என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

இன்று அவளாக எழுந்தாள். படியில் கால் இடறியது. பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டு மேடையேறி, தட்டில் இருந்த மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டாள். பூ மறைக்காதபடி ஒதுக்கிவிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தங்கப்பாண்டிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "இத்தனை வருஷமா மாலையைத் தொட மாட்டேன்னு அடம்புடிச்சியே, இன்னைக்காவது புத்தி வந்துச்சே."

"உசிரோட இருக்கிற மவ படத்துக்கு எந்தத் தாய் மாலை போடுவா?" என்றாள் சண்முகத்தாய். "இப்பத்தான்... ஆஸ்பத்திரியில... அவ செத்துப்போனா."