அத்தான் எடுத்த பூச்சி

"இதையே எடுத்துக்கறேன்" என்று அவள் கணவர் மீனை ஏமாற்றத் தூண்டிலில் மாட்டுகிற, சிவப்பு இறகு கட்டிய ஒரு பொய்ப்பூச்சியைக் கல்லா மேசையில் வைத்ததும், தூண்டில் கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அவளுடைய தம்பி அடக்கவில்லை.

"அத்தான், இது தண்ணிக்கு மேல மிதக்கிற பூச்சி. நாம பிடிக்கப் போறது ஏரி ட்ரவுட் மீன். இந்த வெயில்ல அது மேல வந்து என்ன பண்ணும், காத்து வாங்குமா?"

குளிர்காலம் முடிந்த கையோடு என்றால் சரியாம், மீன் கரையோரமாக மேலேயே திரியுமாம், இறகுப் பூச்சிக்குக்கூட மயங்குமாம். கோடையில் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்குப் போய்விடுமாம். கரண்டி மாதிரி வளைந்த கனமான வெள்ளித் தகட்டை அதுவரைக்கும் இறக்கி, அடிபட்ட மீன்குஞ்சு தள்ளாடுகிற மாதிரி மெதுவாக இழுக்க வேண்டுமாம். தம்பி கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, கடையில் நின்ற மற்றவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். அவனே ஒரு நல்ல தகடாகப் பொறுக்கி அத்தான் கையில் கொடுத்தான்.

அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டார்.

"சிவப்புதான் பார்க்க லட்சணமா இருக்கு, மச்சான்."

இடுப்பிலிருந்த குழந்தை தொங்கும் கொக்கிகளைப் பார்த்துக் கை நீட்ட, அவள் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது. போன வாரம் ஏதோ மஞ்சள் ரப்பர் புழு. அதற்கு முந்தின வாரம் பச்சை வாலோடு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தம்பி மீனோடு வருவான், இவர் வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார்.

காரிலும் பாடம் தொடர்ந்தது. "அப்படியா? அடியில அவ்வளவு குளிரா இருக்குமா?" என்று இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

அவளுக்குத் தம்பி மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போய், வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு, இவர்களிடம் வந்து சேர்ந்தவன். வந்த புதிதில் அறைக் கதவையே திறக்கமாட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பான். உள்ளே அசைகிற சத்தமாவது கேட்கிறதா என்று கதவில் காதை வைத்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள். இப்போது தேறிவிட்டான், சரி. அதற்காகச் சோறு போடுகிற மனிதரையா நாலு பேர் முன்னால் கேலி செய்வது?

வீட்டுக்கு வந்ததும், சமையலறையில் குழந்தையின் பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் பொரிந்து தள்ளினாள். அவன் சொல்கிறதைக் கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா, தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று.

அவர் புட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"வெள்ளித் தகடுதான் சரி. நாளைக்கு அடிக்கப்போற வெயிலுக்கு அவன் எடுத்துக் குடுத்ததைவிடக் கனமாவே போடலாம். காலேஜ்ல படிக்கிறப்பவே இந்த ஏரி எனக்கு அத்துப்படி."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"வேலை கேட்டுப் போன இடத்துல எல்லாம் உனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லி அவனைத் திருப்பி அனுப்பறாங்க. வாரத்துல ஒரு நாளாவது அவனுக்கு எல்லாம் தெரியட்டுமே. எனக்குத் தெரியாம இருக்கிறதுல என்ன குறைஞ்சு போச்சு?"

அவர் கழுவி வைத்த புட்டியையே எடுத்து இன்னொரு தரம் கழுவினாள்.

பின்கட்டில் தம்பி தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அத்தானின் ரகசியத்தை அவள் உடைக்கவில்லை. அவன் தலையில் கை வைத்து, "எல்லாம் கிடைக்கும்டா. மனசை மட்டும் விட்டுடாதே" என்றாள்.

"வேலை கிடைச்சிருச்சுக்கா" என்றான் அவன், நிமிராமல்.

அவள் துருவித் துருவிக் கேட்டாள். கிடைத்துச் சில வாரம் ஆகிறதாம். வேறு ஊராம். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இவன் இழுத்தடிக்க, திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று இன்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம்.

"அப்புறம் ஏண்டா போகலை? பைத்தியமா உனக்கு?"

தம்பி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் பாட்டுக்குக் கிளம்பிட்டா அத்தானை யாருக்கா பார்த்துக்கறது? எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில ஏறமாட்டேங்குது. அவர் கையால ஒரே ஒரு மீன் பிடிச்சிடட்டும், அன்னைக்கே பெட்டியைக் கட்டிடறேன்."