மகளுக்கு யார் சொல்வது?

மகள் கல்யாணத்தைப் பற்றி அந்த நோயாளி வாய் ஓயாமல் பேசியதில், ஊசி போடுமுன் "அலர்ஜி இருக்கா?" என்று கேட்க நர்ஸ் ஹெப்சி மறந்துவிட்டாள். மருந்து ஏறியதும் அவர் முகம் வீங்கியது. எவ்வளவோ போராடியும் மூச்சு அடங்கிவிட்டது.

அவருடைய மகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஹெப்சி தவித்தபோது, மருத்துவமனைத் தணிக்கை அதிகாரி வந்து, இறந்தவரின் பிடரியில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

"இது நர்ஸுகளைச் சோதிக்க நாங்க வைக்கிற ரோபோ பொம்மை, சிஸ்டர். நீங்க ஃபெயில். மறுபடி பயிற்சி முடிக்கிற வரைக்கும் வார்டு பக்கமே வரக்கூடாது."

"அப்ப... இவரோட பொண்ணு?"

"பொம்மைக்கு ஏது சிஸ்டர் பொண்ணு?"

ஹெப்சி அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று வாய்விட்டு அழுதாள். ஃபெயிலானதற்கு ஸ்தோத்திரம் சொல்லும் நர்ஸை அந்த அதிகாரி அதுவரை பார்த்ததில்லை.