டீசல் சத்தம் ஓய்ந்த நாள்

"ஓடுதா, நிக்குதா? சத்தத்தையே காணோமே!" என்றாள் மனைவி, மடியில் பையை வைத்தபடி.

"சூரியத் தகடு போட்ட கரண்டு மோட்டார். வெயில் அடிக்கிற வரைக்கும் பூனை மாதிரிதான் போகும், மேகம் மறைச்சா நின்னுடும்," என்றார் படகோட்டி பெருமையாக.

வீட்டில் சாப்பிட்ட கையோடு அவர் தூங்கிவிடுவார். அவள் பேசுவதெல்லாம் படகில்தான். முப்பது வருஷமாக டீசல் இன்ஜினின் கூச்சலில் ஒரு வார்த்தை காதில் விழுந்ததில்லை. வாயசைவைப் பார்த்துத் தலையாட்டியே குடும்பம் நடத்திவிட்டார். இனியாவது கேட்போம் என்றுதான் இன்ஜினையே மாற்றினார்.

"ஏதாவது பேசேன்."

"எல்லாந்தான் பேசி முடிச்சாச்சே."

"என்ன முடிச்சாச்சு?"

"மறந்துட்டீங்களா? முழங்கால் வலியோட படகுல ஏறி இறங்க முடியல, மக வீட்டோடயே இருந்துடுறேன்னு ஒரு மாசமா கேட்டேனே. நீங்களும் சரி சரின்னு தலையாட்டினீங்க. அப்பாவா ஒத்துக்கிட்டாருன்னு மகளுக்கே ஆச்சரியம்!"

எதுவும் காதில் விழவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் முப்பது வருஷத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கால்வாயின் வளைவில் மகள் வீட்டுப் படித்துறை தெரிந்தது. படகோட்டி அண்ணாந்து பார்த்தார். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.